நெய்வேலி வீட்டுத் தோட்டத்திற்கு எந்தத் திராட்சை?

பொங்கல் கழிந்த வாரம், மந்தாரக்குப்பத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து உழவர் ஒருவர் திராட்சைக் கொடியின் கிளையொன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். கொல்லையில் பந்தல் போட்டு விதையில்லாத் திராட்சை நட்டு மூன்றாண்டு ஆகிவிட்டதாம். பந்தல் நிறையக் கொடி படர்ந்திருக்கிறது, நிழல் நன்றாக விழுகிறது, ஆனால் ஒரு குலைகூடக் காணவில்லை. ஐப்பசி மழையில் இலைகளின் அடியில் வெண்மையாகப் பூத்து, கார்த்திகைக்குள் பாதி இலை உதிர்ந்துவிடுகிறது. "உரம் போதவில்லையா, ஆண் கொடியாகப் போய்விட்டதா, வெட்டிப் போட்டுவிடலாமா?" என்று கேட்டார்.

உரம் போதுமான அளவு இட்டிருந்தார். ஆண் கொடி, பெண் கொடி என்ற பேச்சும் இதற்குப் பொருந்தாது. பப்பாளியைப் போல் அல்லாமல், நாம் பயிரிடும் திராட்சை இரகங்களில் ஒரே பூவில் இரண்டு உறுப்புகளும் உள்ளன. தனிக்கொடி ஒன்றே காய்க்கும். அவர் பிழை செய்தது நடுவதற்கு முன்பே, இரகத்தைத் தெரிந்தெடுத்தபோது. கடையில் தின்ற பழம் இனிப்பாயிருந்தது என்பதற்காக அந்த இரகத்தை வாங்கிவிட்டார். நெய்வேலி நகரியத்து வீடுகளிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பலர் இப்படித்தான் நட்டு ஏமாறுகிறார்கள். பந்தலுக்கான கம்பியும் கல்லும் விலை குறைந்தவையல்ல. மூன்றாண்டுக் காலமும் திரும்பக் கிடைப்பதில்லை. ஆகவே இரகத் தெரிவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது.

விதையில்லாத் திராட்சை ஏன் காய்க்கவில்லை?

கடைக்கு வரும் நீண்ட பச்சை நிற விதையில்லாத் திராட்சையில் பெரும்பகுதி தாம்சன் விதையில்லா இரகமும் அதிலிருந்து தெரிவு செய்யப்பட்டவையுமாகும். இவை மகாராட்டிரத்தில் நாசிக், சாங்லி மாவட்டங்களிலிருந்து வருகின்றன. அங்கே இந்த இரகத்துக்கு ஆண்டில் இருமுறை கவாத்து செய்து ஒரு முறை மட்டும் அறுவடை செய்கிறார்கள். ஏப்ரல் மாதத்தில் கிளைகளை ஒன்றிரண்டு கணுவுக்குக் குட்டையாக வெட்டுவது முதல் கவாத்து. அதனால் வரும் புதுக்கிளைகளில், கோடை வெயில் பட்டு, அடுத்த பருவத்துப் பூக்கரு மொட்டுக்குள்ளேயே உருவாகிறது. மழைக்காலம் முடிந்த பின் அக்டோபரில் அக்கிளைகளைப் பல கணுக்கள் விட்டு நீளமாக வெட்டுவது இரண்டாவது கவாத்து. இதற்குப் பின்னரே குலை வரும். அக்டோபர் முதல் மார்ச்சு வரை அங்கே பெரும்பாலும் வறண்ட வானிலை. பூவும் பிஞ்சும் பழமும் மழையில்லாத நாட்களிலேயே அமைந்துவிடுகின்றன.

இதே நாட்காட்டியை நெய்வேலிக்குக் கொண்டுவந்து பாருங்கள். அவர்கள் காய்ப்புக் கவாத்து செய்யும் அக்டோபரில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. கடலூர் மாவட்டத்தில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களிலேயே பெய்கிறது. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் கொடியில் இளந்துளிரும் பூவும் இருந்தால் என்ன மிஞ்சும்?

இரண்டாவது காரணம் மொட்டில் இருக்கிறது. தாம்சன் இரகத்தில் கிளையின் அடிக்கணுக்களிலுள்ள மொட்டுகள் பெரும்பாலும் இலைக்கிளையாகவே வளரும். குலை தரும் மொட்டுகள் கிளையின் நடுப்பகுதியில், ஐந்தாறு கணுக்களுக்கு அப்பால் உள்ளன. இதை அறியாமல் நான்கு கணு விட்டு வெட்டினால் காய்க்கும் மொட்டுகளை நாமே வெட்டி எறிந்தவர்கள் ஆவோம். நம் உழவரும் அதைத்தான் மூன்றாண்டும் செய்திருந்தார். வெட்டாமல் விட்டாலும் பயனில்லை. பந்தல் அடர்ந்து உள்ளே இருட்டாகி, வெயில் படாத மொட்டில் பூக்கரு அமைவதில்லை.

மூன்றாவது காரணம், கடையில் நாம் காணும் பருமன் கொடியின் இயற்கைப் பருமன் அன்று. ஜிப்பரெல்லிக் அமிலம் எனும் வளர்ச்சி ஊக்கியில் குலைகளை நனைத்தும், மணிகளைக் கத்தரித்துக் கலைத்தும் அந்த அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். அவ்வாறு செய்யாவிட்டால் மணிகள் சிறுத்தே இருக்கும். வீட்டுக்கொல்லையில் ஒரு கொடிக்காக இத்தனை வேலையும் யார் செய்வது?

தேனி மாவட்டத்தில் ஓடைப்பட்டிப் பகுதியில் விதையில்லாத் திராட்சை விளைகிறதே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். அது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. கடலிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள நெய்வேலியின் ஈரக்காற்று அங்கில்லை. மேலும் அங்குள்ளவர்கள் திராட்சையையே தொழிலாகக் கொண்டவர்கள். நாள் தவறாமல் தோட்டத்தில் நிற்கிறார்கள்.

நம் பகுதிக்கு ஏற்ற இரகத்தின் இலக்கணம்

மேலே சொன்னவற்றிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. நெய்வேலிப் பகுதிக்கு ஏற்ற இரகம் அடிக்கணுக்களிலேயே குலை தர வேண்டும். தை மாதத்தில் வெட்டினால் வைகாசிக்குள் பழுத்துவிட வேண்டும். ஒரு வேளை வெட்டுவதில் பிழை நேர்ந்தாலும் பொறுத்துக்கொண்டு ஒன்றிரண்டு குலையாவது தர வேண்டும். பழத்தின் அழகையும் பருமனையும் இதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த அளவுகோலுக்கு மிகவும் ஒத்து வருவது பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்னும் வெளிநாட்டு இரகமே தமிழ்நாட்டில் இப்பெயர் பெற்று வழங்குகிறது. கருநாடகத்தில் இதைக் குலாபி என்பார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டி, கூடலூர், காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி ஆகிய ஊர்களில் பரவலாகப் பயிராகிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. மணிகள் உருண்டையாகவும் கருநீலமாகவும் இருக்கும். விதை உண்டு. தோல் சற்றுத் தடிப்பு. பழுத்த குலையருகில் சென்றாலே பன்னீர் மணம் வீசும்.

இந்த இரகத்தின் சிறப்பு அதன் மொட்டுகளில் உள்ளது. கிளையின் முதல் நான்கு கணுக்களுக்குள்ளேயே குலை தரும் மொட்டுகள் அமைந்துவிடுகின்றன. எப்போது வெட்டுகிறோமோ அப்போது துளிர்த்துப் பூக்கும் இயல்புடையது. கம்பத்தில் இரண்டாண்டில் ஐந்து அறுவடைகூட எடுக்கிறார்கள். நமக்கு ஐந்து வேண்டாம். ஆனால் அறுவடையை மழைக்கு அப்பால் நகர்த்தி வைத்துக்கொள்ள இந்த இயல்பு கைகொடுக்கிறது. கவாத்து செய்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம் பறிக்கலாம். இடமும் குறைவாகவே கேட்கும். மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர், அதாவது 6 சதுர மீட்டர் பந்தல் ஒரு கொடிக்குப் போதும். நல்ல பராமரிப்பில் எக்டருக்கு ஆண்டுக்கு 30 டன் வரை விளைச்சல் எதிர்பார்க்கப்படுகிறது. கணக்கிட்டால் கொடிக்குச் சுமார் 18 கிலோ. கொல்லைக் கொடியில் இதில் பாதி கிடைத்தாலே ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

பன்னீர் இரகத்துக்கு நோயே வராது என்று எண்ணிவிடக் கூடாது. அடிச்சாம்பல் நோய் இதையும் தாக்கும். நோயைத் தாங்கும் வலிமையைவிட, நோய்க்காலத்தைத் தவிர்க்க இடம் தரும் இயல்பே இதனை நாம் விரும்புவதற்குக் காரணம்.

அடுத்ததாகப் பெங்களூர் நீலம். பெங்களூரு ஊரகம், சிக்கபள்ளாப்பூர் மாவட்டங்களில் பெரும்பரப்பில் பயிராவது. அமெரிக்கத் திராட்சை இனத்தின் வழி வந்ததாகையால் கொடி முரட்டுத்தனமானது. இலைகள் தடித்து, அடிப்புறம் பஞ்சு போன்ற சுணையுடன் இருக்கும். பறவைக்கண் நோயை நன்கு தாங்கும், அடிச்சாம்பல் நோய்க்கு மட்டும் இடங்கொடுக்கும். பழம் சற்றுப் புளிப்பு கலந்தது. அழுத்தினால் தோல் ஒரு பக்கமும் சதை ஒரு பக்கமுமாக வழுக்கி வரும். தின்பதைவிடச் சாறு பிழிய ஏற்றது. வேலைக்கும் வீட்டுக்குமாக ஓடுபவர்கள், தோட்டத்துக்கு வாரம் ஒருநாள்தான் ஒதுக்க முடியும் என்பவர்கள் இதை நடலாம். எனக்கு இதன் வாடை பிடிக்காது. என் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது.

பச்சைத் திராட்சை என்று தமிழ்நாட்டில் வழங்கும் விதையுள்ள இரகம் விளைச்சலில் இவ்விரண்டையும் மிஞ்சும். எக்டருக்கு 40 டன் வரை எதிர்பார்க்கலாம் என்பது பல்கலைக்கழகக் கணக்கு. இனிப்பில் பன்னீருக்கு ஈடாகாது. பந்தலும் ஒரு கொடிக்கு 12 சதுர மீட்டர் வேண்டும். பெரிய கொல்லையுள்ள சிற்றூர் வீட்டுக்குச் சரி, நகரியத்துக் குடியிருப்பின் பின்கட்டுக்குச் சரிப்படாது.

அனாபிஷாகி இரகத்தின் நீண்ட பெரிய மணிகளும் தேன் நிறமும் யாரையும் ஆசைப்பட வைக்கும். ஐதராபாத்தில் பேர் பெற்ற இரகம் இது. ஆனால் அடிச்சாம்பல் நோய்க்கு மிகவும் இலக்காவது. பழுக்கவும் பன்னீரைவிடக் கூடுதல் நாள் பிடிக்கும். நெய்வேலியில் இதை நடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விதையில்லாமல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. பெங்களூருவை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் பல ஒட்டு இரகங்களை வெளியிட்டுள்ளது. அவற்றுள் அர்கா நீலமணி என்பது கருஞ்சம்பா இரகத்தையும் தாம்சனையும் இணைத்து உருவாக்கியது. கறுப்பு நிறம், விதையில்லை, பறவைக்கண் நோயை ஓரளவு தாங்கும். அதே நிலையத்தின் அர்கா சியாம், பெங்களூர் நீலத்தையும் கருஞ்சம்பாவையும் இணைத்துப் பெற்றது. விதையுண்டு, நோய் தாங்கும் திறனும் உண்டு. இரண்டு கொடிக்கு இடமிருப்பவர்கள் ஒன்று பன்னீர், மற்றொன்று நீலமணி என்று நட்டுப் பார்க்கலாம். ஒரு கொடிக்கு மட்டுமே இடமென்றால் பன்னீரே போதும்.

கன்று வாங்கும்போது

திராட்சையை விதை போட்டு வளர்க்கக் கூடாது. தாயின் குணம் வராது. நன்கு முற்றிய கிளையில் நான்கு கணுவுள்ள குச்சியை வெட்டி வேர் பிடிக்கவைத்த கன்றே நடுவதற்கு உரியது. தெருவில் வண்டியில் கொண்டுவந்து விற்கும் கன்றுகளில் பெயர் அட்டை ஒன்று, செடி வேறொன்று என்பது புதிதல்ல. இலையை வைத்து எல்லா இரகத்தையும் அடையாளம் சொல்ல எங்களாலும் முடியாது. கூடியவரை காய்ப்பதை நீங்களே கண்ணால் பார்த்த கொடியிலிருந்து குச்சி வாங்குங்கள். இல்லையேல் பல்கலைக்கழகப் பண்ணை அல்லது அரசு தோட்டக்கலைப் பண்ணையில் கேட்டுப் பெறுங்கள். தேனி மாவட்டம் ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அந்தப் பக்கம் உறவினர் இருந்தால் அங்கு விசாரிக்கச் சொல்லலாம்.

டாக்ரிட்ஜ் என்னும் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கன்றுகளும் கிடைக்கின்றன. உப்பு நீர், வறட்சி, நூற்புழு ஆகிய தொல்லைகள் உள்ள இடத்துக்கு அவை நல்லவை. நெய்வேலியின் செம்பொறை மண்ணில் உப்புத் தொல்லை பொதுவாக இல்லை. ஒட்டுக்கன்றின் வேகமான வளர்ச்சி சிறு பந்தலுக்குச் சுமையாகிவிடும். எனவே சொந்த வேரில் நிற்கும் பன்னீர் கன்றே போதுமானது.

இடமும் குழியும்

நகரியத்துத் தோட்டங்களில் மாவும் பலாவும் வேம்பும் வானுயர்ந்து நிற்கின்றன. அவற்றின் நிழலில் எந்த இரகமும் காய்க்காது. மொட்டுக்குள் பூக்கரு அமைவது வெயிலால்தான் என்று முன்பே சொன்னோம். நாளில் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படும் இடம் கொல்லையில் இல்லையென்றால், தண்டைத் தனிக்கொடியாகச் சுவரோரம் ஏற்றி மாடியில் பந்தல் அமைக்கலாம். இரண்டும் முடியாதென்றால் திராட்சை வேண்டாம், வெற்றிலைக்கொடி வையுங்கள்.

செம்பொறை மண்ணில் நீர் நன்றாக வடியும். இது திராட்சைக்கு நல்லதே. ஆனால் ஒன்றிரண்டு அடிக்குக் கீழே இறுகிய பாறைத் தட்டு இருப்பதுண்டு. கடப்பாரையால் அதை உடைக்காமல் நட்டால் வேர் தொட்டியில் வைத்தாற்போல் நின்றுவிடும். மழைக்காலத்தில் அந்தத் தட்டின்மேல் நீர் தேங்கி வேரும் அழுகும். சித்திரை, வைகாசியில் ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து ஆறவிட்டு, மேல்மண்ணுடன் 50 கிலோ மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்பி, ஆனி, ஆடியில் நட வேண்டும். கன்று நிற்கும் இடம் சுற்றுத் தரையைவிட ஒரு சாண் மேடாக இருக்கட்டும். நட்டவுடனும் மூன்றாம் நாளும், பிறகு வாரம் ஒருமுறையும் நீர் விட வேண்டும்.

இங்கே நெய்வேலிக்கே உரிய இரு செய்திகள். குழியில் பழுப்பு நிலக்கரித் தூளைப் போட்டால் உரமாகும் என்ற எண்ணம் சிலரிடம் உள்ளது. பழுப்பு நிலக்கரியிலிருந்து காரம் சேர்த்துப் பிரித்தெடுக்கும் ஹியூமிக் அமிலம் பயிர் வளர்ச்சிக்கு உதவுவது உண்மை. அதற்காக வெறும் தூள் தொழுவுரத்துக்கு ஈடாகிவிடாது. அதேபோல் அனல் மின் நிலையச் சாம்பலையும் அடுப்புச் சாம்பலையும் ஒன்றாகக் கருதக் கூடாது. விறகுச் சாம்பலில் திராட்சை விரும்பும் சாம்பல் சத்து உண்டு. மின் நிலையச் சாம்பலில் பெரும்பகுதி மணற்சத்தும் அலுமினியச் சேர்மங்களும்தான். குலைக்கு இனிப்பு கூட வேண்டுமானால் விறகுச் சாம்பலோ பொட்டாஷ் உரமோ இடுங்கள்.

எப்போது வெட்டுவது?

கன்றிலிருந்து வலுவான ஒரு தண்டை மட்டும் விட்டு, பக்கக் கிளைகளைக் கிள்ளி, கோல் நட்டு நேராக ஏற்ற வேண்டும். பந்தல் உயரம் இரண்டு மீட்டர். பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளினால் கிளைகள் வரும். அவற்றுள் எதிரெதிராக இரண்டைப் படரவிட்டு, பன்னிரண்டு முதல் பதினைந்து கணுவில் மீண்டும் நுனி கிள்ளிப் பந்தல் முழுவதும் பரப்ப வேண்டும்.

ஆடியில் நட்டால் அடுத்து வரும் பொங்கலுக்குக் கொடி சிறுசாகவே இருக்கும். இரண்டாம் பொங்கலுக்குத்தான் காய்ப்புக் கவாத்து. அதற்கு ஒரு வாரம் முன்பு நீர் விடுவதை நிறுத்திவிடுங்கள். பழுப்பு நிறமாக முற்றிய, பென்சில் பருமனுள்ள கிளைகளில் நான்கு கணு விட்டு வெட்டுங்கள். மெலிந்த, பச்சை மாறாத கிளைகளை ஒன்றிரண்டு கணுவுக்குக் குறைத்துவிடுங்கள். அவை அடுத்த முறை காய்க்கும் கிளைகளைத் தரும்.

மார்கழியிலேயே வெட்ட அவசரப்பட வேண்டாம். 2011-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது டிசம்பர் 30-ஆம் நாள். பண்ணுருட்டி முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தது அந்த நாளில்தான். புயல் வராத ஆண்டிலும் மார்கழிப் பனி காலை ஒன்பது மணி வரை இலையில் நிற்கும். இளந்துளிர் அந்த ஈரத்தில் நின்றால் நோய் உறுதி. தை பிறந்தபின் வெட்டினால் இரண்டு வாரத்தில் துளிர்க்கும், மாசியில் பூக்கும், பங்குனியில் காய் பருக்கும், சித்திரைக் கடைசியிலிருந்து பறிக்கலாம். பூவிலிருந்து பழம் வரை பெரும்பாலும் மழையில்லாத நாட்கள். வெயிலும் கடுமையாக இருப்பதால் இனிப்பு ஏறும்.

ஆண்டுக்கு இரண்டாவது அறுவடையாக மே, ஜூன் மாதங்களில் வெட்டி ஆகஸ்ட், செப்டம்பரில் பறிப்பது தமிழ்நாட்டுக்கான பொதுப் பரிந்துரை. நெய்வேலியில் ஆவணி, புரட்டாசி மாலைகளில் இடிமழை அடிக்கடி பெய்வதால் அப்பழத்தில் சுவை குறையும். ஆகவே கோடை அறுவடையையே முதன்மையாகக் கொண்டு, அது முடிந்ததும் ஆனியில் காய்த்த கிளைகளை இரண்டு கணுவுக்குக் குறைத்துவிடலாம் என்பது என் கருத்து. வரும் புதுக்கிளைகள் மழைக்கு முன் முற்றிவிடும். தையில் வெட்ட நல்ல கிளை கிடைக்கும். நடுவில் வரும் நாலைந்து குலைகள் இலாபம். ஆவணி முதல் மார்கழி முடிய கத்தரிக்கோலைக் கொடியருகே கொண்டு போகாதீர்கள். அந்த நேரத்தில் வெட்டினால் மழையில் துளிர்விட வைக்கிறீர்கள் என்று பொருள்.

பிஞ்சுப் பருவத்தில் சுருள்களைக் கிள்ளிவிடுவதும், பட்டாணி அளவில் நெருக்கமான குலைகளில் ஐந்தில் ஒரு பங்கு மணிகளைச் சிறு கத்தரியால் நீக்குவதும் பழத்தைச் சீராக்கும். பறிப்பதற்கு ஒரு வாரம் முன்பு நீரை நிறுத்த வேண்டும். அணிலுக்கும் கிளிக்கும் பயந்து காயாகவே பறிப்பவர்கள் உண்டு. பறித்தபின் திராட்சை பழுக்காது. பழைய வேட்டித் துணியில் பை தைத்துக் குலைக்கு ஒன்று கட்டிவிடுங்கள்.

போர்டோ கலவை

இலையின் மேல்புறம் எண்ணெய் பட்டாற்போல் மஞ்சள் புள்ளி, அடிப்புறம் அதே இடத்தில் வெண்பூசணம், இதுவே அடிச்சாம்பல் நோய். தண்டிலும் காயிலும் பறவைக் கண் போன்று நடுவில் சாம்பல் நிறமும் ஓரம் கருமையுமாகக் குழிந்த புள்ளிகள் பறவைக்கண் நோய். இரண்டுக்கும் பழைய மருந்தான போர்டோ கலவையே வீட்டுத் தோட்டத்துக்குப் போதும். பிரான்சு நாட்டில் போர்டோ நகரப் பகுதித் திராட்சைத் தோட்டக்காரர்கள், வழிப்போக்கர் பழம் திருடாமலிருக்கப் பாதையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்துவந்தார்கள். நீலம் பூத்த அக்கொடிகளில் மட்டும் நோய் இல்லாததைக் கண்ட மில்லார்தே என்ற அறிஞர் ஆராய்ந்து 1885-இல் வெளியிட்ட மருந்து இது. தெருப்பக்கப் பந்தல் உள்ளவர்களுக்கு இன்றும் இரட்டைப் பயன்.

பத்து லிட்டர் தயாரிக்க, 100 கிராம் மயில்துத்தத்தை ஐந்து லிட்டர் நீரிலும், 100 கிராம் நல்ல சுட்ட சுண்ணாம்பை ஐந்து லிட்டர் நீரிலும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். தீட்டிய இரும்புக் கத்தியை அதில் ஒரு நிமிடம் நனைத்துப் பாருங்கள். செம்புப் பூச்சு படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றே தெளித்துத் தீர்த்துவிட வேண்டும். தையில் வெட்டியவுடன் வெறும் கிளைகளின்மேல் ஒருமுறை, ஐந்தாறு இலை விட்டதும் பாதி வீரியத்தில் ஒருமுறை, புரட்டாசிக் கடைசியில் மழைக்கு முன் ஒருமுறை, மழை விட்ட இடைவெளிகளில் தேவைக்கேற்ப. பூத்திருக்கும்போது தெளிக்கக் கூடாது. அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும். மயில்துத்தம் நஞ்சு, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

துளிரைக் கடிக்கும் சிறு வண்டுகள் தண்டின் உரிந்த பட்டைக்கடியில் முட்டையிடும். கவாத்தின்போது அப்பட்டைகளை உரித்து எரித்தாலே பாதித் தொல்லை தீரும்.

அரை ஏக்கரில் போடலாமா?

கொல்லைக் கொடி நன்றாகக் காய்த்ததைக் கண்டு, முந்திரி நிலத்தைத் திருத்தித் திராட்சைத் தோட்டம் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் வேண்டாமென்றே சொல்வேன். ஒரு கொடியை மழையில் பத்து நாள் பார்க்காமல் விட்டால் இழப்பு ஒரு கொடிதான். அரை ஏக்கரில் அது கடனாக மாறும். கம்பத்துப் பழம் ஆண்டு முழுவதும் சந்தைக்கு வந்துகொண்டிருக்க, கோடையில் ஒருமுறை மட்டும் காய்ப்பதை வைத்துப் பந்தல் செலவை எடுப்பது எளிதன்று. இப்பகுதி மண்ணில் முந்திரிக்கும் நிலக்கடலைக்கும் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட இரகங்கள் உள்ளன. நிலத்தில் அவற்றைப் போடுங்கள். திராட்சை வீட்டுக்கு இருக்கட்டும்.

நகரியத்தில் நிறுவனக் குடியிருப்பில் வாழ்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓய்வு பெறும்போது வீட்டை விட்டுப் போக வேண்டியிருக்கும். கொடியோ பதினைந்தாண்டுக்கு மேலும் காய்க்கும். கல்தூண் ஊன்றி நிலையான பந்தல் போடுவதற்கு முன் உரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றி எடுக்கக்கூடிய இரும்புக் குழாய்ப் பந்தல் உங்களுக்கு ஏற்றது. ஓய்வுக்கு முந்திய தை மாதக் கவாத்தில் வெட்டி விழும் முற்றிய கிளைகளை எறியாமல், நான்கு கணுக் குச்சிகளாக நறுக்கி, அடிப்பக்கம் இரண்டு கணு மண்ணுக்குள் இருக்குமாறு மணலும் தொழுவுரமும் கலந்த பைகளில் சாய்த்து ஊன்றி, நிழலில் வைத்து ஈரம் காயாமல் காத்து வாருங்கள். ஆனிக்குள் வேர் பிடித்திருக்கும். சொந்த ஊர்க் கொல்லையில் குழி எடுத்துவைத்திருந்தால் அந்த ஆடியிலேயே நட்டுவிடலாம்.

தொடக்கத்தில் சொன்ன உழவரின் கொடியை வெட்டிப்போடச் சொல்லவில்லை. மூன்றாண்டு வேர் ஊன்றிய தண்டு அது. இடுப்பளவில் அறுத்து, பிளந்து, பன்னீர் குச்சியொன்றை ஆப்பு வடிவில் சீவிச் செருகி ஒட்டுக்கட்டிக் கொடுத்தோம். தை முடிவதற்குள் துளிர்விட்டுவிட்டது.